பறவை கண்ட படைவீரர்

அமாவாசையன்று சோறு வைத்துக் காகத்தை வருந்தி அழைக்கும் நாமே, மற்றைய நாட்களில் அதனைக் கல்லெறிந்து துரத்துகிறோம். வண்ணப் பறவையைக் கண்டு வியக்கும் நம் கண்கள், முற்றத்துக் காகத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே கண்கொண்டு நோக்கிய ஒருவரை நான் நூல்வழி அறிவேன். அவர் வில்லியம் வின்சென்ட் லெக்.

1841ஆம் ஆண்டு தாஸ்மேனியாத் தீவிலே பிறந்த லெக், ஐரோப்பாவிற் கல்வி பயின்று, ஆங்கிலேயரின் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். 1868இல் இலங்கைக்கு வந்தார். படைத்தொழில் அவருக்குப் பிழைப்பு, பறவைகளோ உயிர். அவருக்கு முன்னரே கெலார்ட், லயார்ட் முதலியோர் இத்துறையில் உழைத்திருந்தனர். எனினும், தீவின் பறவைகள் அனைத்தையும் ஒருங்கே ஆராயும் பெரும்பணி இவருக்கெனவே காத்திருந்தது.

1877இல் இலங்கையை விட்டகன்ற பின், 1878 முதல் 1880 வரை அவர்தம் பெருநூல் இலண்டனில் வெளிவந்தது. 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலுக்குக் கியூலமன்ஸ் என்னும் ஓவியர் படம் வரைந்தார். ஒவ்வொரு பறவையின் தோற்றம், வாழிடம், பழக்கம், கூடு, முட்டை ஆகியன அதில் முறையாகக் கூறப்பட்டுள்ளன.

காக இனத்தில் இத்தீவுக்குரியவை மூன்றே. கரையோர நகரங்களில் மலிந்த சாம்பற் கழுத்துக் காகம் ஒன்று. கண்டி வாவியோரத்தில் நாள்தோறும் நான் காணும் அண்டங்காக்கை மற்றொன்று. மூன்றாவது, சிங்களவர் கெஹிபெல்லா என்றழைக்கும் நீலப் பறவை. செம்பழுப்புத் தலையும், நீல உடலும், சிவந்த அலகும் கால்களும் கொண்ட இவ்வெழிலி, காகத்தின் உறவென்றால் நம்புவார் சிலரே! உலகில் வேறெங்கும் இது இல்லை. லெக் இம்மூன்றுக்கும் தம் நூலில் உரிய இடமளித்தார், நிறங்கண்டு மதிப்பிட்டாரல்லர்.

அவர் இங்கிருந்த காலம், மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்ட காலம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்திற்று. பின்னர் தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. காடு மட்டும் மீளவில்லை. அண்டங்காக்கை மனிதனோடு வாழக் கற்றுக்கொண்டது. நீலப் பறவையோ அடர்ந்த காட்டை விட்டு வாழ அறியாது. கண்டிக்கு அணித்தான நக்கிள்ஸ் மலைகளிலும், சிங்கராஜா முதலிய வனங்களிலும் எஞ்சியிருக்கும் அது, இன்று அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

தாயகம் மீண்ட லெக், 1901இல் ஆஸ்திரேலியப் பறவையியலார் சங்கத்தின் முதல் தலைவரானார். 1918இல் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஈழத்தின் பூங்கொத்திச் சிறுபறவை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிறநாட்டார் ஒருவர் ஒன்பதாண்டு இங்கு வாழ்ந்து நம் பறவைகளை அறிந்தார். தலைமுறை தலைமுறையாக இங்கு வாழும் நாம், நம் வாயிற் காகத்தையேனும் அறிந்துகொள்ள வேண்டாமா? அதனை மதிக்கக் கற்றவர்க்கே, காட்டிலுள்ள அதன் நீல உறவைக் காக்கும் எண்ணமும் பிறக்கும்.