டாக்டர் பெல்லும் மணற் பள்ளியும்

காத்திவாக்கத்துக் கடலோரத்தில் வளர்ந்த நமக்கு மணலிற் கோடு கிழித்தல் விளையாட்டேயன்றி வேறில்லை. அம்மணலைக்கொண்டே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்விவழி திறந்த பெரியார் ஒருவர் முன்னாளிற் சென்னையில் வாழ்ந்தார்.

ஆந்திரு பெல் என்னும் அக்குருவானவர் 1753-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்திலுள்ள செயிண்ட் ஆந்திரூஸ் நகரிற் பிறந்து, 1787-இற் சென்னை சேர்ந்து, 1789-இல் எழும்பூரில் இராணுவத்தார் பிள்ளைகளுக்கென அமைந்த ஆண் அநாதை விடுதியின் தலைமையை ஏற்றார். ஒருநாட் குதிரைமீது செல்லுங்கால், நாட்டுப் பள்ளிச் சிறார் விரலால் மணலில் எழுதக் கண்டார். தம் விடுதியிலும் அவ்வாறே கற்பிக்க விரும்பினார், உபாத்தியாயர்களோ இயலாதென்றனர். பெல் வாளாவிருந்தாரல்லர். ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அரிச்சுவடி வகுப்பிற்கு ஆசானாக்கினார். பெரியவர் மாட்டாததைச் சிறுவன் முடித்தான்!

அதன்பின் விடுதியின் ஒழுங்கே மாறிற்று. பிள்ளைகள் தேர்ச்சிபற்றி வகுக்கப்பட்டனர். பாடம் மிகச் சிறிதாக அளந்து கொடுக்கப்பட்டது. ஒன்றைப் பிழையறக் கற்றபின்னரே மற்றொன்று. அன்றன்று கற்ற அளவு பதிவேட்டிலேறிற்று. முந்தினவன் மேல்வகுப்பிற்கும், பின்தங்கினவன் தன் ஆற்றலுக்கேற்ற கீழ்வகுப்பிற்கும் மாற்றப்பட்டான்; விளங்காத பாடத்தின்முன் வீணே உட்கார்ந்திருக்கும் துன்பம் இதனால் நீங்கிற்று. அத்துன்பம் யாதென மாணாக்கராகிய நாம் நன்கறிவோம். ஆதலின் அவர் செயல்களுள் இதுவே தலையாயதென நமக்குத் தோன்றுகிறது. மனப்பாடத்திற்கே இம்முறை மிகுதியாக இடந்தந்ததென்று பிற்காலத்தார் குறை கூறினர், அதுவும் பொய்யன்று.

1796-இற் சென்னையை விட்டகன்ற பெல், மறுவருஷம் தம் பரிசோதனையை நூலாக வெளியிட்டார். 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்து எழுந்த தேசியக் கல்விச் சங்கம் இம்முறையை மேற்கொண்டது. சென்னை முறையென்றே அது வழங்கலாயிற்று. 1832-இல் இறந்த அவருடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. மணலில் எழுதக் கற்பித்த அந்நாட்டுப் பள்ளி உபாத்தியாயரின் பெயரையோ நாம் எந்நூலிலுங் கண்டிலேம்.