பேச்சு நின்ற இடத்தில்

பக்கவாதத்தால் என் தந்தை பேச்சை இழந்து ஓராண்டு ஆகிறது. திருப்பனந்தாளில் தமிழாசிரியராக வாழ்ந்தவருக்கு இன்று எஞ்சியிருக்கும் உரையாடல், நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிர்தான். குறிப்பை நான் வாசிப்பேன். அவர் இடக்கையால் விடையை எழுதிக் காட்டுவார். 1913-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் அறிமுகப்படுத்திய இந்தப் பொழுதுபோக்கு, காவிரிப் படுகையில் ஒரு வீட்டின் பேச்சாகவே மாறியிருக்கிறது.

சென்ற வாரம் வந்த குறிப்பு: பெண்பாற் பிள்ளைத்தமிழில் இடம்பெறும் விளையாட்டுக் கருவி, நான்கு கட்டங்கள். நான் கழங்கு என்றேன். அப்பா மறுத்துத் தலையசைத்தார். மேலிருந்து கீழாக வரும் சொல்லின் எழுத்து மூன்றாம் கட்டத்தில் 'மா' என நின்றதைச் சுட்டி, நடுங்கும் கையால் அம்மானை என்று எழுதினார். பிறகு அவரது விரல் காசி மடம் இருக்கும் திசையை நோக்கி நீண்டது. அவர் நினைத்தது குமரகுருபரரை என்பது எனக்குப் புரிந்தது.

17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர் குமரகுருபரர். ஐந்து வயது வரை அவருக்குப் பேச்சு வரவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்று முருகனிடம் முறையிட்ட பின்னர் பேசத் தொடங்கி, கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபு. திருமலை நாயக்கர் காலத்தில் மதுரையில் அவர் அரங்கேற்றியதே மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். அதில் அன்னையைச் சிறுமியாக்கி, அம்மானைக் காய்களை மேலே எறிந்து பிடிக்கவும், வைகையில் நீராடவும், பொன்னூசல் ஆடவும் அழைக்கிறார். வைத்தீசுவரன் கோயில் முருகன் மீது பாடிய பிள்ளைத்தமிழிலோ சிறுபறையும் சிறுதேரும் குழந்தையின் விளையாட்டுப் பொருள்களாகின்றன. பேசாப் பிள்ளையாக இருந்தவர், பிள்ளைமையின் விளையாட்டுகளைப் பாடித் தமிழில் நிலைத்தார்.

அவர் வாழ்வில் பேச்சு மீண்டும் ஒருமுறை நின்றது. எவர் முன்னிலையில் வாக்குத் தடைப்படுகிறதோ அவரே குரு என்று அவருக்கு உணர்த்தப்பட்டிருந்ததாகக் கூறுவர். தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகர், பெரியபுராணப் பாடல் ஒன்றின் உட்பொருளைக் கேட்டபோது அவரால் விடை கூற இயலவில்லை. அந்த மௌனமே அவரைச் சீடராக்கியது. குருவின் அருளால் காசிக்குச் சென்றவருக்கு அங்கும் மொழி தடையாயிற்று. முகலாய ஆட்சியாளரோடு உரையாடுவதற்காகக் கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடி, இந்துஸ்தானி அறிந்தார் என்பர். கங்கைக்கரையில் மடம் நிறுவி, அங்கேயே நிறைவெய்தினார். அவருக்குப் பின் வந்த தலைவர்கள் காலத்தில் அம்மடம் திருப்பனந்தாளுக்கு வந்தது. எங்கள் ஊருக்கும் காசிக்கும் உள்ள உறவு அதுவே.

இந்த வரலாற்றை என் தந்தை வகுப்பறையில் பலமுறை சொல்லியிருப்பார். வீட்டில் நான் கேட்டதில்லை. அவர் பேச இயன்ற நாள்களில் எனக்கு நேரமில்லை. எனக்கு நேரம் வாய்த்தபோது அவரிடம் பேச்சில்லை. அவரைக் காண வரும் உறவினர் பலரும் அவர் எதிரிலேயே, அவருக்கு எதுவும் விளங்காது என்று எண்ணி என்னிடம் மட்டும் நலம் விசாரித்துச் செல்கின்றனர். ஓராண்டுக்கு முன் நானும் அவ்வாறே எண்ணியவன்தான். நான் தவறவிட்ட சொல்லை அவர் எழுதிக் காட்டியபோது அந்த எண்ணம் எத்தனை பிழையானது என்று உணர்ந்தேன்.

பேச்சு நின்றால் அறிவும் நின்றுவிட்டது என்று முடிவுகட்டுவது பெருந்தவறு. பக்கவாதம் சிலருக்கு நாவின் அசைவை மட்டுமே பறிக்கிறது. சொற்கள் உள்ளே இருக்கின்றன. அவற்றை வெளிக்கொணர ஒரு தாளும், ஒரு பென்சிலும், அருகில் அமர்ந்து காத்திருக்கும் ஒருவரும் வேண்டும். அப்படிக் காத்திருக்க நாள்தோறும் அரைமணி நேரத்தையேனும் நம் வீட்டு முதியோருக்கு ஒதுக்குவோம்.