ஜான் மேயரின் இந்தோ-ஜாஸ் இசை: வாழ்வும் ஆக்கமும்

முன்னுரை

இந்தியச் செவ்வியல் இசையை ஜாஸ், ராக் ஆகிய மேலை இசைவகைகளோடு இணைத்த முயற்சிகளைப் பற்றிப் பேசும்போது, 1970களில் தோன்றிய சக்தி குழுவே தமிழ் வாசகர் நினைவில் முதலில் எழும். எல்.சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் அக்குழுவில் இடம்பெற்றமை இதற்குக் காரணமாகும். அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே, கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர் (1930-2004) இலண்டனில் இத்துறையில் தமக்கென ஒரு வழியை வகுத்திருந்தார். அவருடைய இசை பெரும்பாலும் கிழக்கும் மேற்கும் சந்தித்த நிகழ்வாகவே பேசப்பட்டு வந்துள்ளது. அதனைச் சந்திப்பு என்பதைவிட, இசைக்குறியீட்டில் எழுதி அமைக்கப்பட்ட ஆக்கம் எனக் கொள்வதே பொருத்தமானது என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்றின் வழி நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

கல்கத்தாவும் பம்பாயும்

மேயர் 1930ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் கல்கத்தாவில், வசதியற்ற ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கல்கத்தா இசைப்பள்ளியில் பிலிப் சாண்ட்ரேயிடம் மேலை முறை வயலினைப் பயின்றார். இந்திய இசையின் இலக்கணத்தைச் சனாதன் முகர்ஜியிடம் கற்றார். பின்னர் பம்பாயில் மெஹ்லி மேத்தாவிடம் பயிற்சி தொடர்ந்தது. பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை உருவாக்கிய மேத்தா, புகழ்பெற்ற இசை நடத்துநர் ஜுபின் மேத்தாவின் தந்தையாவார். இராகமும் சிம்பொனியும் மேயருக்கு இளமையிலேயே ஒருசேர வாய்த்தன. எனவே, ஒரு மரபில் முழுமை பெற்றபின் மற்றொன்றை நாடிச் சென்றவராக அவரைக் கருத இயலாது.

இலண்டன் வாழ்வு

1952ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்று இலண்டன் ராயல் அகாடமியில் சேர்ந்தார். அங்கு மேயருக்கு ஆசிரியராக வாய்த்த அங்கேரிய இசையமைப்பாளர் மாத்யாஸ் செய்பர் குறிப்பிடத்தக்கவர். செய்பர் 1928இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் ஜாஸ் இசைக்கெனக் கல்வி நிலையப் பாடப்பிரிவு ஒன்றைத் தொடங்கியவர். நாஜி ஆட்சி அதனை ஒழித்தபின் இங்கிலாந்தில் குடியேறியவர். ஜாஸை முறையான கல்விக்குரிய கலையாக மதித்த ஒருவரிடமே மேயர் இசையமைப்புப் பயின்றார் என்பது, அவரது பிற்காலப் போக்கை விளங்கிக்கொள்ளத் துணைசெய்கிறது.

1953 முதல் இலண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவிலும், 1958 முதல் 1965 வரை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவிலும் வயலின் கலைஞராகப் பணியாற்றினார். பிறர் எழுதிய சிம்பொனிகளை வாசித்து வாழ்க்கை நடத்திய அக்காலத்திலேயே, தனிக் கிளாரினெட்டுக்கான ‘ராக மியூசிக்’, சித்தாரும் தபலாவும் சிம்பொனிக் குழுவோடு இணையும் ‘டான்சஸ் ஆஃப் இந்தியா’ ஆகியவற்றையும் இயற்றினார். ஜாஸ் கலைஞர்களோடு இணைவதற்கு முன்னரே, இராகத்தை எழுத்தில் வடிக்கும் முறையை அவர் கண்டடைந்திருந்தார் என்பது இவற்றால் புலனாகிறது.

இரட்டை ஐவர் குழு

1964இல் தயாரிப்பாளர் டெனிஸ் பிரெஸ்டன் ஓர் இசைத்தட்டை நிறைவு செய்யச் சிறு இசையாக்கம் ஒன்றைத் தேடினார். தம்மிடம் இருப்பதாகக் கூறிய மேயர், அன்றிரவே ‘நைன் ஃபார் பேக்கன்’ என்பதை எழுதி முடித்தார் எனக் கூறப்படுகிறது. அட்லாண்டிக் நிறுவனத்தைச் சேர்ந்த அஹ்மத் எர்டெகுன் அதனைக் கேட்டு, இந்திய இசையும் ஜாஸும் இணைந்த முழு இசைத்தட்டு ஒன்றை வெளியிடலாம் என்றார். அதன் விளைவாக, ஜாஸ் கலைஞர் ஜோ ஹாரியட்டுடன் மேயர் இணைந்து அமைத்த இரட்டை ஐவர் குழு உருவாயிற்று. 1965இல் ஒலிப்பதிவான ‘இந்தோ-ஜாஸ் சூட்’ 1966இல் வெளிவந்தது. ‘இந்தோ-ஜாஸ் ஃபியூஷன்ஸ்’ என்னும் தலைப்பில் மேலும் இரு இசைத்தட்டுகள் தொடர்ந்தன.

இக்குழுவின் அமைப்பே கிழக்கு, மேற்கு என்னும் இருமைப் பகுப்பைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. ஜாஸ் ஐவருக்குத் தலைமை வகித்த ஹாரியட், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அநாதைப் பள்ளியில் வளர்ந்து 1951இல் இங்கிலாந்து வந்தவர். சித்தார் வாசித்த திவான் மோத்திஹார், தபலா வாசித்த கேசவ் சாத்தே ஆகியோர் இடம்பெற்ற இந்திய அணியில் புல்லாங்குழல் வாசித்த கிறிஸ் டெய்லர் ஆங்கிலேயர். மேயரின் கையிலிருந்தவையோ வயலினும் ஹார்ப்சிகார்டும். பேரரசின் இருவேறு குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த இருவர் அதன் தலைநகரில் உருவாக்கிய இசை என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கமாகும்.

இசையாக்க முறை

இவ்வாக்கங்களின் உள்ளமைப்பை நோக்க, ‘முல்தானி’ என்னும் இராகத்தின் பெயர் தாங்கிய ஆக்கம் தக்க சான்றாகும். இந்துஸ்தானி முறையில் முல்தானி, ஏறுநிரலில் ரி, த ஆகிய சுரங்களை விலக்கி, இறங்குநிரலில் ஏழு சுரங்களையும் கொள்வது. ஜாஸ் கலைஞர் மனோதர்மமாக வாசிப்பதற்கு அடிப்படை, மாறிச் செல்லும் சுரக்கூட்டுகள் ஆகும். சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கும் அக்கூட்டுகள், ஏற்ற இறக்க வேறுபாட்டால் உயிர்பெறும் இராகத்தின் வடிவைச் சிதைக்க வல்லவை. இச்சிக்கலுக்கு மேயர் கண்ட தீர்வு எழுத்தே. இராகத்திலும் தாளத்திலுமிருந்து இசையின் பெரும்பகுதியைக் குறியீட்டில் எழுதியமைத்து, தனிவாசிப்புக்கு உரிய இடங்களை அதனுள் வரையறுத்தார்.

இத்தீர்வு ஓர் இழப்பையும் உடன் கொண்டுவந்தது. ஹாரியட் 1960களின் தொடக்கத்தில் ‘ஃப்ரீ ஃபார்ம்’, ‘ஆப்ஸ்ட்ராக்ட்’ ஆகிய இசைத்தட்டுகளின் வழி, முன்வரையறை துறந்த ஜாஸுக்கு ஐரோப்பாவில் வழிகாட்டியவர். அத்தகையவர் மேயரின் எழுத்துக்குள் அடங்கி வாசிக்க நேர்ந்தது. இந்திய இசையின் உயிர்நாடியான ஆலாபனைக்கும் இவ்வமைப்பில் விரிவான இடமில்லை. இருபுறக் கலைஞர்களின் மனோதர்மமும் ஒடுங்கிய இடத்திலேதான் மேயரின் ஆக்கத்திறன் மேலோங்கியது என்பதை மறுக்க இயலாது. சக்தி குழு இதற்கு மறுதலையான வழியைத் தேர்ந்தது. கோர்வையும் தனியாவர்த்தனமும் அறிந்த கலைஞர்களின் உடனடி உரையாடலையே அது அடித்தளமாகக் கொண்டது. எனினும் இரண்டுக்கும் இடையே ஒரு கண்ணி உண்டு. ‘இந்தோ-ஜாஸ் சூட்’டில் பாஸ் வாசித்த ரிக் லெயர்ட், பின்னர் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு இசைக்குழுவில் இடம்பெற்றார், அம்மெக்லாஃப்லினே சக்தி குழுவை உருவாக்கியவர்.

பிற்கால வாழ்வு

ஹாரியட் 1973இல் வறுமையில் மறைந்தார். மேயரின் ‘அக்கா ராகா’, பிபிசியின் ‘ஆஸ்க் தி ஃபேமிலி’ என்னும் வினாடிவினா நிகழ்ச்சியின் முகப்பிசையாக இங்கிலாந்தின் இல்லந்தோறும் ஒலித்தது. இயற்றியவர் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. ராக் இசையிலும் மேயரின் பங்களிப்பு உண்டு. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு 1977இல் வெளியிட்ட ‘வொர்க்ஸ்’ இசைத்தட்டில், கீத் எமர்சனின் பியானோ கன்செர்ட்டோவுக்குக் குழுவிசை அமைப்பில் துணைநின்றதோடு, தாம் முன்பு வயலின் வாசித்த இலண்டன் பில்ஹார்மோனிக் குழுவை அதற்கென நடத்தினார்.

1989 முதல் பர்மிங்காம் இசைக் கல்லூரியில் பணியாற்றி, இந்திய இசைக்கான பட்டப்படிப்பு அங்கு அமையக் காரணமானார். 1995இல் இந்தோ-ஜாஸ் ஃபியூஷன்ஸ் குழுவுக்கு மீண்டும் உயிரூட்டினார். இம்முறை சித்தார் வாசித்தவர் மேயரின் மகன் ஜொனாதன் மேயர். 2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் வட இலண்டனில் கார் மோதி உயிரிழந்தார்.

முடிவுரை

மேயரைச் சித்தாரும் சாக்சபோனும் கூடிய புதுமையின் முன்னோடியாக மட்டும் மதிப்பிடுவது போதாது. சொல்வழி, செவிவழி வளர்ந்த இராகத்தை எழுத்துவழி இசையாக்கத்தின் விதியாக மாற்ற முடியுமா என்னும் வினாவை அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தார். அவர் பெற்ற விடை அரைவெற்றியே எனினும், பெற்றது எது, இழந்தது எது என்பதைச் சுரம் சுரமாகக் காட்ட வல்ல ஆக்கங்களை விட்டுச் சென்றுள்ளார். மனோதர்மமே கலப்பிசையின் ஒரே வழி எனக் கொள்ளும் பார்வைக்கு அவை வலுவான மாற்றுச் சான்றுகளாகும். தமிழிசை ஆய்வாளர்கள் பண்களைக் குறியீட்டில் வடிப்பது குறித்துச் சிந்திக்கும்போதும் மேயரின் வெற்றியும் தோல்வியும் ஒருங்கே பயன்தரும்.