நஞ்சை காத்த நம்மாழ்வார்

சோழவள நாட்டில் திருக்காட்டுப்பள்ளிக்கு அண்மையில் இளங்காடு என்னும் சிற்றூர் உள்ளது. காவிரியின் நீர் வாய்க்கால் வழியே புகுந்து வயல்தோறும் நிறையும் மருதநிலம் அது. அவ்வூரில் 1938ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 6ஆம் நாள் பிறந்தவர் கோ. நம்மாழ்வார். திருக்குருகூரில் தோன்றிய வைணவப் பெரியாரின் திருப்பெயரே இவருக்கும் இடப்பெற்றது. முன்னவர் திருமாலைப் பாடினார்; இவர் மண்ணையும் உழவரையும் பற்றி ஊர்தோறும் பேசினார்.

நெல் விளையும் வயலைத் தஞ்சை நாட்டார் நஞ்சை என்பர். நன்செய் என்பதே நஞ்சை என மருவிற்று. செய் என்பது வயல். நன்செய் நல்ல வயல். எனவே அச்சொல்லில் நஞ்சு இல்லை. நம்மாழ்வார் இளம்பருவத்தில் கண்ட வயலிலும் நஞ்சு இருந்ததில்லை. குறுவை, சம்பா, தாளடி எனப் பருவம் அறிந்து விதைத்தனர். கொழுஞ்சியும் ஆவிரையும் வெட்டித் தழையுரமாக மிதித்தனர், ஆட்டுக்கிடை போட்டனர், அறுவடை முடிந்த வயலில் வாத்துக்கூட்டத்தை மேயவிட்டனர். மடைவாயில் கெண்டையும் கெளுத்தியும் துள்ளும். வரப்பு வளைகளில் நண்டு இருக்கும். நாள் முழுதும் நடவு நட்ட ஏழை மகளிர்க்கு அன்றிரவு குழம்பாவது அந்த நண்டும் நத்தையுமே ஆகும். இச்செய்தியை மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னர் நேர்ந்த கேட்டின் அளவினை அறிய இது பயன்படும்.

நாடு விடுதலை பெற்ற பின்னர் உணவுப் பஞ்சம் நீங்கவில்லை. கோதுமை ஏற்றிய அயல்நாட்டுக் கப்பலின் வரவை எதிர்நோக்கி மக்கள் வாழ்ந்த காலம் அது. விளைச்சலைப் பெருக்குதற்காக 1960ஆம் ஆண்டளவில் இந்திய அரசு தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. வீரிய விதை, இரசாயன உரம், பூச்சிக்கொல்லி ஆகியவை ஒருங்கே உழவர்க்கு வழங்கப்பெற்றன. சில ஆண்டுகளில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தினின்று ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல் வெளிவந்தது. களம் நிறைந்தது; பசி தணிந்தது. அதனை மறுத்தல் நன்றி மறத்தலாகும். ஆயினும் நெல்லின் கணக்கை எழுதியவர்கள் மற்றொரு கணக்கை எழுத மறந்தனர்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று பட்டம் பெற்ற நம்மாழ்வார், 1963ஆம் ஆண்டு கோவில்பட்டியில் இருந்த அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். அது வானம் பார்த்த கரிசல் பூமி. அங்கே பருத்திக்கும் சிறுதானியங்களுக்கும் விலையுயர்ந்த விதையும் உரமும் பூச்சிக்கொல்லியும் இட்டு ஆய்வு நிகழ்ந்தது. மழையையே நம்பிய ஏழை உழவனால் அவற்றுள் ஒன்றையேனும் வாங்க இயலாது. எவருக்காக ஆராய்கிறோமோ அவருக்குப் பயன்படாத ஆராய்ச்சியினால் யாது பயன் என்று அவர் உளம் வருந்தினார். 1969ஆம் ஆண்டு அப்பணியைத் துறந்தார். மாதச் சம்பளமும் மதிப்பும் தரும் அரசுப் பணியை இளமையிலேயே விடுதல் எளிதன்று.

பின்னர், அமைதிக்கான நோபல் பரிசினை 1958இல் பெற்ற டொமினிக் பியர் என்னும் பெல்ஜிய நாட்டுத் துறவியார் நிறுவிய அமைதித் தீவு என்னும் அமைப்பில் சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டுப் பகுதியில் பத்தாண்டுகள் உழவரோடு உழவராக வாழ்ந்தார். உழவன் வெளியிலிருந்து வாங்குவது குறையக் குறைய அவன் கையில் மிஞ்சுவது கூடும் என்பதை அவர் ஐயமறக் கற்றது அங்கேதான்.

இதற்குள் தஞ்சை வயல்களில் மருந்து அடித்தல் என்னும் தொழில் வேரூன்றிவிட்டது. கொல்லும் பொருளுக்கு மருந்து எனப் பெயரிட்டது காலத்தின் கோலமே. தண்டுத் துளைப்பானுக்கு ஒன்று, இலைச்சுருட்டுப் புழுவிற்கு ஒன்று, புகையானுக்கு மற்றொன்று எனக் கடைகளில் புட்டிகள் அடுக்கப்பெற்றன. உழவன் கோவணமோ மடித்துக் கட்டிய வேட்டியோ உடுத்து, வெறுங்காலுடன் சேற்றில் இறங்கி, முதுகில் தெளிப்பானைச் சுமந்து நடப்பான். காற்று எதிர்த்தால் திவலைகள் அவன் முகத்திலேயே படியும். கலத்தின் மூடி கசிந்தால் முதுகு நனையும். கையுறையும் முகமூடியும் அணிக என்று புட்டியின் தாளில் அச்சிட்டிருக்கும். அவ்வெழுத்தோ கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்து. அன்றியும், காவிரிப் படுகையின் வெயிலில் அவற்றை அணிந்து அரை நாழிகையும் நிற்றல் அரிது.

ஒருவன் உடலில் எவ்வளவு நஞ்சு ஏறியது என்பதை அளந்தறிய அறிவியலார் வழி கண்டுள்ளனர். நஞ்சு புகும் வாயில்கள் மூன்று: தோல், மூச்சு, வாய். தெளிப்பவனுக்குப் பெரும்பான்மையும் தோலே வாயில் ஆகும். அவன் உடையின்மேல் பல இடங்களில் பஞ்சுத் துண்டுகளைப் பொருத்தி, வேலை முடிந்தபின் அவற்றில் படிந்த நஞ்சினை அளப்பர். பாசுபரசு கலந்த பூச்சிக்கொல்லிகள், நரம்பின் இயக்கத்திற்கு வேண்டிய கோலினெசுடரேசு என்னும் நொதியைத் தடுப்பன. ஆதலின் இரத்தத்தில் அந்நொதி எவ்வளவு குறைந்தது எனச் சோதிப்பர். டி.டி.டி. போன்றவை வேறு வகையின. அவை விரைவில் அழியாமல் உடற்கொழுப்பில் தங்கும். நெல்லை உண்பவன் அரிசி ஒன்றையே உண்கிறான் அல்லன். வைக்கோலையும் தவிட்டையும் பசு உண்ணும். பசுவின் பாலைக் குழந்தை பருகும். வடிந்த நீரில் வாழ்ந்த கெண்டையும் நண்டும் ஏழையின் உலைக்குச் செல்லும். இத்தனையும் கூட்டினால்தான் ஒருவன் ஏற்ற நஞ்சின் அளவு தெரியும். தெளித்தவனை மட்டும் அளந்து, மறுநாள் அவ்வயலில் களை பறிக்கக் குனிந்த பெண்ணை அளவாமல் விடுவது அரைக்கணக்கே ஆகும்.

இக்கணக்கு எழுதப்படாமையால் நேர்ந்த கேடு பெரிது. 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் பாரத்தியான் என்னும் நஞ்சு கலந்துவிட்ட மாவினை உண்டு நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே பூச்சிக்கொல்லிகளை நெறிப்படுத்தும் சட்டம் 1968இல் இயற்றப்பெற்றது. அமெரிக்க நாட்டில் இரேச்சல் கார்சன் என்னும் அம்மையார் இந்நஞ்சுகளின் தீங்கினை விளக்கி 1962இல் நூல் எழுதி உலகை விழிப்பித்தார். நம் நாட்டில் டி.டி.டி.யை உழவுக்குப் பயன்படுத்துதல் 1989இல் தடைபெற்றது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடுத்தது. தடை வருவதற்குள் ஒரு தலைமுறை உழைத்து ஓய்ந்திருந்தது.

நம்மாழ்வார் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து இவற்றை அளந்தவர் அல்லர். உழவர் முன் சென்று, வயலுக்கு இட்ட நஞ்சு வயலோடு நிற்பதில்லை. அது உணவு வழியே வீட்டிற்குள் வரும் என்று எளிய சொற்களில் விளக்கினார். பூச்சியைக் கொல்லுதல் வேறு, விரட்டுதல் வேறு என்பது அவர் வகுத்த நெறி. வேம்பு, நொச்சி, ஆடாதொடை போன்ற கசப்புத் தழைகளை ஊறவைத்து வடித்த நீரைப் பூச்சிவிரட்டி எனத் தெளிக்கக் கற்பித்தார். வயலில் உள்ள பூச்சிகள் யாவும் பகையல்ல. சிலந்தியும் தட்டானும் உழவனுக்குக் கூலி பெறாத காவலர் என்றார். இது வெறும் நம்பிக்கை அன்று. நஞ்சு தெளித்த வயலில் சிலந்தி முதலியன முன்னே மடிய, புகையான் பன்மடங்கு பெருகியதை நெல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அதனாலன்றோ இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்குத் தெளிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது! அந்நாட்டில் அதன்பின் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

மேற்சட்டை அணியாத உடல், தோளில் பச்சைத் துண்டு, நீண்ட வெண்தாடி ஆகியவற்றோடு ஊர் ஊராக நடந்தார் அப்பெரியார். பூம்புகாரிலிருந்து கல்லணை வரை காவிரிக் கரையோரமாகவே ஏறத்தாழ ஒரு திங்கள் நடந்து, உழவர்களைக் கண்டு பேசினார். அழிந்துகொண்டிருந்த மரபு நெல்வகைகளைத் தேடிக் காக்குமாறு அவர் தூண்டியவர்களுள் திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த நெல் செயராமன் குறிப்பிடத்தக்கவர். ஆதிரெங்கத்தில் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வழக்கமாயிற்று. வேம்பின் பயனுக்கு அயல்நாட்டார் காப்புரிமை கொண்டபோது அதனை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களுள் நம்மாழ்வாரும் ஒருவர். அவ்வுரிமை 2005இல் முடிவாக நீங்கிற்று.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நாகப்பட்டினத்துக் கடற்கரை வயல்களில் உப்பை நிறைத்துச் சென்றது. அவ்வயல்கள் இனி விளையா எனப் பலர் கைவிட்டனர். நம்மாழ்வார் அங்குச் சென்று, தக்கைப்பூண்டு முதலியவற்றை விதைத்து, பூக்குமுன் மடக்கி உழும் முறையைப் பரப்பினார். அடுத்தடுத்த பருவங்களில் அங்கே மீண்டும் நெற்பயிர் தலைநிமிர்ந்தது. காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் 2007இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று. கரூர் மாவட்டத்துக் கடவூர்ப் பகுதியில், கல்லும் முள்ளும் நிறைந்த வறண்ட நிலத்தை 2009இல் கொண்டு, வானகம் என்னும் பண்ணையை அமைத்தார். இளைஞர் பலர் அங்குத் தங்கி உழவு கற்றனர்.

அவர் கூறியவை அனைத்தையும் வேளாண் அறிஞர் ஏற்றுக்கொண்டார் அல்லர். நாட்டு மக்கள் அனைவர்க்கும் சோறிட இயற்கை உழவு ஒன்றே போதுமா என்னும் வினா இன்றும் ஆராயப்படுவதே. ஆனால் விளைச்சலின் கணக்கோடு உழவன் உடலின் கணக்கையும் சேர்த்தே எழுதுக என்ற அவர் கோரிக்கையைத் தட்டிக் கழிக்க எவராலும் இயலவில்லை.

மன்னார்குடிப் பகுதியில் நிலத்தடி நீரை இறைத்து மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்தபோது, எழுபத்தைந்து வயதிலும் டெல்டாவின் ஊர்கள்தோறும் சென்று அதனைத் தடுக்க அவர் உழைத்தார். அப்பணியின் இடையே, 2013ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30ஆம் நாள், பட்டுக்கோட்டைக்கு அருகில் உள்ள அத்திவெட்டியில் அவர் உயிர் நீங்கிற்று. உடல் வானகத்து மண்ணில் அடக்கம் செய்யப்பெற்றது. காவிரிப் படுகை 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் எனச் சட்டத்தால் அறிவிக்கப்பெற்றது. ஆராய்ச்சி நிலையத்தைத் துறந்து வெளியேறிய அவருடைய பெயரை, கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இயற்கை வேளாண்மை ஆராய்ச்சி மையம் தாங்கியுள்ளது.