செவிலியர் குலத்தின் பாட்டியார்

நம் வீட்டுப் பெண்மக்கள் நோயாளர் பணிக்குச் செல்ல விரும்பினால், அது நம் குலத்திற்குத் தக்கதன்றெனத் தடுக்கும் பெரியோர் இன்னும் சிலர் உளர். அன்னார் பொருட்டுப் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவ்வாங்கில மாது 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரிலே செல்வக் குடியிற் பிறந்தார். நோயாளர்க்குப் பணிவிடை செய்தல் தம் குடிக்கு இழிவெனப் பெற்றோர் மறுத்தனர். எகிப்து, கிரேக்கம் முதலிய தேசங்களில் யாத்திரை செய்தும் அவர் மனவுறுதி மாறவில்லை. 1851-இல் ஜெர்மனியிற் பயிற்சி பெற்றார். 1854-இல் 38 மாதரோடு துருக்கி நாட்டு ஸ்குடாரிக்குச் சென்று, கிரிமியப் போர்வீரரைப் பேணினார். காயத்தினும் நோயே மிகுதியானோரைக் கொன்றதெனப் பின்னர்க் கணக்கிட்டுக் காட்டினார்.

ஊர் திரும்பியபின் தேக அசௌக்கியத்தால் நெடுங்காலம் வீட்டினுள் அடைபட்டார். நம் தேசத்தை அவர் கண்டதேயில்லை. ஆயினும், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைக் குறித்தும், நீர்ப்பாசனத்தின் அவசியத்தைக் குறித்தும் எழுதினார். நம் எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரிவழிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகரப் பகுதி, அப்பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது.

மணம் புரியாத அம்மையார் 1910 ஆகஸ்டு 13-இல், தமது 90-ஆம் வயதிற் காலமானார். எனினும், 1860-இல் லண்டனில் அவர் பெயரால் தோன்றிய பள்ளியிற் கற்றோர் பல தேசங்களுக்குச் சென்று பிறரைப் பயிற்றினமையால், அவருக்குப் பேத்திமார் எண்ணிலர். அவ்வரிசையிற் சேர விழையும் நம் புதல்வியரைத் தடாதிருத்தல் பெற்றோர் கடனாகும்.