கார்ல் வெர்னர்: புறனடையில் கிடைத்த விதி

நம் இலக்கண நூல்களில் இயலின் இறுதியில் புறனடைச் சூத்திரம் வருவதுண்டு. சொன்ன விதிகளில் அடங்காமல் எஞ்சியவற்றுக்கு அங்கே இடம் தருவார்கள். அப்படி எஞ்சிய சொற்களிலிருந்தே ஒரு புதிய விதியைக் கண்டவர் கார்ல் வெர்னர். மொழியியலாளர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்.

வெர்னர் 1846 மார்ச் 7 அன்று டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் பிறந்தார். கோபன்ஹேகனில் பயின்றார். ஸ்லாவிய மொழிகளில் ஈடுபாடு கொண்டு ரஷ்யாவுக்கும் சென்றுவந்தார்.

இலத்தீனில் 'க' வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும் என்பது, யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கிய ஒலிமாற்றங்களுள் ஒன்று. ஆனால் வினைச்சொற்கள் முரண்டுபிடித்தன. ஜெர்மனில் 'இழுக்க' என்பதற்கு 'ட்ஸீஹன்'. 'இழுத்தார்கள்' என்றால் 'ட்ஸோகன்'. 'அகம்' என்னும் சொல்லில் நாம் ஒலிக்கும் 'க' அங்கே வந்துவிடுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'இருந்தான்' என்பது 'வாஸ்', 'இருந்தார்கள்' என்பது 'வாரோன்'. ஒரே வினைக்குள் ஏன் இரண்டு மெய்கள்?

தூக்கம் வருவதற்காகப் பிரான்ஸ் போப்பின் ஒப்பிலக்கணத்தைப் புரட்டியபோது வெர்னருக்கு விடை தட்டுப்பட்டதாகச் சொல்வார்கள். அதில் சமஸ்கிருதச் சொற்களுக்கு அழுத்தக் குறிகள் இருந்தன. வேதமொழியின் இறந்தகால வினை வடிவம் ஒன்றில், ஒருமையில் அழுத்தம் பகுதியில் விழும். பன்மையில் விகுதிக்கு நகரும். ஜெர்மானியத்தின் மூதாதை மொழியிலும் அப்படியே இருந்தது என்றார் வெர்னர். முந்திய அசையில் அழுத்தம் இருந்தால் மெய் வல்லோசையாகவே நின்றது, இல்லையேல் குழைந்தது. குழைந்த 'ஸ' பின்னர் 'ர' ஆயிற்று. பிற்பாடு ஜெர்மானிய மொழிகளில் அழுத்தம் முதலசைக்கே போய்விட்டது. காரணம் மறைந்தது, தடம் மட்டும் மெய்யெழுத்தில் நின்றுவிட்டது. எழுத்துச் சான்றே இல்லாத காலத்து வினைகளை மீட்டமைக்க இத்தடம்தான் அறிஞர்களுக்குக் கைகொடுத்தது.

1875இல் எழுதிய இக்கட்டுரை 1877ஆம் ஆண்டுத் தொகுதியாக அமைந்த ஆய்விதழில் வெளிவந்தது. ஒலிவிதிகளுக்கு விலக்கில்லை என வாதிட்ட இளம் அறிஞர்களுக்கு அது பெரும் பலமாயிற்று. வெர்னரோ ஹாலே பல்கலைக்கழக நூலகத்தில் 1882 வரை பணியாற்றினார். பிறகு கோபன்ஹேகனில் ஸ்லாவிய மொழிகளைக் கற்பித்தார். 1896இல், ஐம்பதாம் வயதில் மறைந்தார். எழுதியது கொஞ்சம்தான்.

புலம்பெயர்ந்த நாம் அன்றாடம் சொல்லும் 'வாஸ்', 'வேர்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களுக்குள்ளும் அந்தப் பழைய அழுத்தம் ஒளிந்திருக்கிறது. பொருந்தாத சொல்லைக் கண்டால் இப்போதெல்லாம் நான் அதை எளிதில் தள்ளிவிடுவதில்லை.