எரிகாயத்தில் தொடங்கிய தேடல்: பீட்டர் மெடவார்

எரிகாயம் என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. செல்லடியிலும் குண்டுவீச்சிலும் வெந்த உடல்களை நாங்கள் கண்டவர்கள். அப்படியான ஒரு காயம்தான் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானியின் வாழ்க்கையைத் திசைதிருப்பியது. இன்று குருதிப் புற்றுநோய்க்காரர் ஒருவரை இன்னொருவரின் என்பு மச்சையைக் கொண்டு காப்பாற்ற முடிகிறதென்றால், அதில் அவருக்கும் பங்குண்டு. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

மெடவார் 1915 ஆம் ஆண்டு பிரேசிலில் பிறந்தார். தந்தை லெபனானைச் சேர்ந்தவர், தாய் ஆங்கிலேயர். சிறுவயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஒக்ஸ்போர்டில் விலங்கியல் படித்து அங்கேயே ஆய்வில் இறங்கினார்.

1940 இல் அவருடைய வீட்டுக்கு அருகே குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்து எரிந்தது. அதிலிருந்து மீட்கப்பட்ட விமானியின் உடலில் பெரும்பகுதி வெந்திருந்தது. ஏதாவது செய்ய முடியுமா என்று வைத்தியர்கள் மெடவாரிடம் கேட்டார்கள். மற்றொருவரின் தோலை எடுத்து ஒட்டினால் அது சில நாட்களில் அழிந்துவிடும் என்பது அப்போதே தெரிந்ததுதான். ஏன் அழிகிறது என்பதற்குத்தான் தெளிவான விடை இருக்கவில்லை.

விடை தேடி அவர் கிளாஸ்கோ வைத்தியசாலைக்குப் போனார். அங்கே தோமஸ் கிப்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரோடு சேர்ந்து, எரிகாயப்பட்ட பெண்ணொருவருக்கு அவருடைய சகோதரனின் தோலைச் சிறு துண்டுகளாக ஒட்டினார். அவை அழிந்தன. அதே சகோதரனின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது இன்னும் வேகமாக அழிந்தன. முதல் முறை கண்டதை உடல் நினைவில் வைத்திருந்தது. அப்படியென்றால் இது நோய்க்கிருமியோடு போராடும் அதே நோயெதிர்ப்பின் வேலை. 1943 இல் இந்த முடிவு வெளிவந்தது. பின்னர் அவருடைய மாணவர் அவ்ரியன் மிச்சிசன், இந்தத் தாக்குதலை நடத்துபவை நிணநீர்க் கணுக்களிலுள்ள கலங்களே என்று எலிகளில் காட்டினார்.

அடுத்த திருப்பம் மாட்டுத் தொழுவத்தில் வந்தது. இரட்டைக் கன்றுகள் தாயின் வயிற்றில் இருக்கும்போது அவற்றின் குருதி ஒன்றோடொன்று கலக்கிறது. ஒன்றின் குருதியை உண்டாக்கும் மூலக் கலங்கள் மற்றதன் மச்சையில் குடியேறி வாழ்நாள் முழுவதும் இருந்துவிடுகின்றன. இதை 1945 இல் றே ஓவன் என்ற அமெரிக்கர் கண்டறிந்திருந்தார். இயற்கையே செய்த குருதி மூலக்கல மாற்று என்றே நான் இதைச் சொல்வேன். இத்தகைய கன்றுகள் ஒன்றின் தோலை மற்றது ஏற்றுக்கொள்வதை மெடவாரும் ரூபர்ட் பிலிங்ஹாமும் கண்டார்கள். 

இவர்களோடு சேர்ந்த மாணவர் லெஸ்லி பிரென்ட், நாசி ஜேர்மனியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவந்த பயணத்தில் தப்பியவர். பெற்றோரையும் சகோதரியையும் இழந்தவர். மூவரும் 1953 இல் எலிக் கருக்களுக்கு வேறு இன எலியின் கலங்களை ஏற்றினார்கள். வளர்ந்தபின் அந்த எலிகள் அந்த இனத்தின் தோலை ஏற்றுக்கொண்டன. யாரைப் பகைவராகக் கொள்வது என்பதை உடல் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை மாற்றவும் முடியும் என்பது உறுதியானது. 1960 இல் மெடவாருக்கும் அவுஸ்திரேலியரான பேர்னெற்றுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஏற்றப்பட்ட கலங்கள் சும்மா இருப்பதில்லை. சில எலிகள் வளராமல் மெலிந்து இறந்தன. வந்த நோயெதிர்ப்புக் கலங்கள் இருக்கும் உடலையே அந்நியமாகக் கண்டு தாக்கியிருந்தன. மச்சை மாற்றிலும் இதே ஆபத்து உண்டு. கொடையாளியின் கலங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கக்கூடும். அதேவேளை, எஞ்சியிருக்கும் புற்றுக் கலங்களைத் தேடி அழிப்பவையும் அவைதான். முற்றாக அகற்றினால் புற்றுநோய் திரும்பும் ஆபத்து கூடும். கட்டுப்படுத்தாவிட்டால் ஆளுக்கே ஆபத்து. இந்த நடுநிலையைக் காப்பதே இன்றும் வைத்தியர்களின் பெரும் பாடு.

1969 இல் மெடவாரைப் பக்கவாதம் தாக்கியது. உடலின் ஒரு பக்கம் தளர்ந்தபின்னும் மனைவி ஜீனின் துணையோடு ஆய்வையும் எழுத்தையும் அவர் விடவில்லை. 1987 இல் காலமானார்.

எரிகாயத்துக்கு இன்றும் நிரந்தரமாக ஒட்டுவது நோயாளியின் சொந்தத் தோலைத்தான். பிறர் தோல் தற்காலிகப் போர்வை மட்டுமே. அந்த விமானிக்காகக் கேட்கப்பட்ட கேள்விக்கு முழு விடை இன்னும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியால், அவர் கண்டேயிராத எத்தனையோ குருதி நோயாளிகள் வீடு திரும்பியிருக்கிறார்கள்.